நயம் பாராட்டினால் போதுமா?



"ப்ளஸ் டூவில் தமிழ் எடுத்தால் என்ன சார் பிரயோசனம்? மலையாளமோ இந்தியோ எடுத்தால் பிற்காலத்தில் உதவுமே!"

மூணாற்றுக் கடைவீதியிலும் எஸ்டேட் லயங்களின் வாசலிலும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மேனிலை வகுப்பில் தமிழ் கற்பித்த காலமெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். தாய்மொழியை மறக்கலாகாது, பண்பாட்டைக் காக்க வேண்டும் என்பேன். அவர்களும் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதில் தவறானது அல்ல. ஆனால் அது போதாது என்பதை இப்போது உணர்கிறேன். வேறு பதிலைச் சொல்வதற்கு முன், நான் செய்த பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்புத் தேர்வு ஒன்றில் மலையழகைப் பாடும் கவிதையைக் கொடுத்து, 'இலக்கிய நயம் பாராட்டுக' என்று கேட்டிருந்தேன். இதற்கு ஓர் அச்சு உண்டு என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். கவிதையைப் படிக்காமலே பாதி விடையை எழுதிவிடலாம்.

தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருத்தி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். 'இந்தக் கவிதையில் மேகம் இருக்கிறது, அருவி இருக்கிறது, பசுமை என்ற சொல் மூன்று முறை வருகிறது. ஆனால் ஓர் ஆள்கூட இல்லை. தேயிலைச் செடி தானாகப் பச்சைக் கம்பளம் ஆகாது. கவாத்து வெட்டி, கொழுந்து எடுத்து அதை அப்படி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கவிஞர் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறார், அதனால்தான் அவர்கள் கண்ணில் படவில்லை' என்பது அவள் விடையின் சாரம். நான் சிவப்பு மையால் 'நயம் எங்கே?' என்று எழுதி, ஆறுக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தேர்வில் எல்லோரையும் போல எதுகை, மோனை எழுதினாள். ஆறுக்கு ஐந்து போட்டேன்.

இலக்கியம் படிப்பது என்றால் என்ன என்று அன்று அந்த வகுப்பில் அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு அதை மறக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அவள் செய்ததைத்தான் திறனாய்வு என்கிறோம். ஒரு கருத்தைச் சொல்வது. அதற்கு நூலிலிருந்தே சான்று காட்டுவது. அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்குவது. இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. திருக்குறளுக்குப் பழைய உரை எழுதியவர்கள் பதின்மர் என்பது மரபு. பரிமேலழகர் தமக்கு முன் சொல்லப்பட்ட பொருளை எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று காரணத்தோடு மறுக்கிறார். ஒரு குறளுக்கு ஒரே பொருள்தான், அதை மனப்பாடம் செய் என்று நம் முன்னோர் சொல்லவில்லை.

கேரள மண்ணிலேயே சிறந்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையை 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியர் என்றே நாம் அறிவோம். திருஞானசம்பந்தரின் காலத்தை நம்பிக்கையை வைத்து அல்லாமல் சான்றுகளை வைத்து ஆராய்ந்து எழுதியவரும் அவரே. பக்தியும் ஆராய்ச்சியும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை போதும்.

சரி, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதை எப்படிக் கொண்டுவருவது? நம் இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, மக்கள் அங்கே செல்கிறார்கள். 'கண்ணகியின் கற்பின் சிறப்பை எழுதுக' என்று கேட்டால் முப்பது தாளிலும் ஒரே விடை வரும். 'அரசன் செய்த பிழைக்கு ஊர் எரிந்தது நீதியா?' என்று கேட்டுப் பாருங்கள். பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பிய அரசன், உண்மை தெரிந்ததும் உயிர்விட்ட அதே அரசன், முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்குக் கண்ணகி இட்ட கட்டளை என்று சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. பிள்ளைகள் நூலைத் திறந்தே ஆக வேண்டும்.

நம் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் கதையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்று எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களின் பழைய கொடுமைகளை டாக்டர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கில நாவலாக எழுத, அது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தொழிலாளியை இவர் எங்கிருந்து பார்க்கிறார், அவர் எங்கிருந்து பார்க்கிறார் என்று கேட்கலாம். என் மாணவி கேட்டதும் அதே கேள்விதான்.

இதனால் சோறு வருமா என்பவர்களுக்கு 2015 செப்டம்பரை நினைவூட்டுகிறேன். இருபது சதவீதம் போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தார்கள். முடிவில் கிடைத்தது 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. கூட்டினால் இருபதுதான், கைக்கு வந்த பணமும் அதுதான். ஆனால் இரண்டு சொற்களும் ஒன்றல்ல. அன்று நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி 8.33 சதவீதம் என்பது குறைந்தபட்ச உரிமை. கருணைத்தொகை என்பதோ, பெயரே சொல்வது போல, கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இந்த ஆண்டு கொடுத்ததால் அடுத்த ஆண்டும் கேட்கலாம் என்ற உரிமை அதில் இல்லை. ஒரு தாளில் ஏன் இந்தச் சொல் இருக்கிறது, ஏன் அந்தச் சொல் இல்லை என்று கேட்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்க வேண்டாமா? கவிதையில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவளே ஒப்பந்தத்திலும் கேட்பாள்.

சொந்தக் கருத்தை எழுதவிட்டால் எதை எழுதினாலும் மதிப்பெண் போட வேண்டி வருமே என்று ஆசிரிய நண்பர்கள் அஞ்சுவது நியாயம். சான்று இல்லாத கருத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதே என் பதில். எதுகையும் மோனையும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எதுகை இருக்கிறது என்று மட்டும் எழுதாமல், அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் எழுதட்டும் என்கிறேன். இலங்கையில் உயர்தர வகுப்பிலும், சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பிலும் தமிழைத் தனிப்பாடமாக ஆழ்ந்து படிக்க வழி இருக்கிறது. இங்கேயும் சித்தூர் அரசுக் கல்லூரியிலும் காரியவட்டத்திலும் தமிழ் மேற்படிப்பு இருக்கிறது. அங்கே போகும் பிள்ளை வெறும் அச்சோடு போகக்கூடாது.

வேறு பாடத்துக்குப் போகும் பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் வீண்போகாது. 1956-இல் எல்லை பிரிந்த நாள் முதல் நம் பிள்ளைகள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைச் சுமந்து படிக்கிறார்கள். காரணம் கேட்டுப் படிக்கும் பழக்கம் வீட்டில் பேசும் மொழியில்தான் எளிதாக வரும். ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற இரண்டிலும் அது கூடவே வரும். 'தமிழால் என்ன பிரயோசனம்' என்று கேட்கும் பெற்றோருக்கு இனி நான் சொல்லும் பதில் இதுதான்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாக் கட்டுரைப் போட்டிக்கு 'தமிழின் பெருமை', 'மலைநாட்டின் அழகு' என்று தலைப்புக் கொடுப்பதை ஓர் ஆண்டு நிறுத்திப் பார்ப்போம். ஒரு கதையைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்போம். அழகாக எழுதியவருக்கு அல்ல, தான் சொன்னதை நிரூபித்தவருக்குப் பரிசு கொடுப்போம். பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ ஒரு கதையைப் பற்றி ஏதாவது சொன்னால், 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று ஒரு முறை கேளுங்கள். நீங்கள் அதிகம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கேள்வியே போதும்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் அவள் கைக்குக் கிடைத்தால், அன்று நான் போட்ட இரண்டு மதிப்பெண்ணை அவள் அடித்துவிட்டு ஆறு என்று திருத்திக்கொள்ளட்டும்.