திரையிற் காதலிக்க உரிமையற்றவன்

காதல் எல்லார்க்கும் பொது என்பது நம் நாடகங்களும் திரைப்படங்களும் ஓயாது ஓதிவரும் மந்திரம். இனம் பாராது, நிறம் பாராது, குலம் பாராது காதல் மலரும் என்று அவை நமக்குக் கற்பிக்கின்றன. ஆயின் அம்மந்திரத்தைச் சற்று நிறுத்திவைத்து, திரையில் எவன் காதலிக்கிறான், எவன் காதலிக்கப்படுகிறான், எவன் இவ்விரண்டுமின்றிச் சுமை தூக்குகிறான் என்று கணக்கெடுத்துப் பார்ப்போமாயின் முற்றிலும் வேறொரு விதி புலப்படும். ஆளும் இனத்து ஆண் ஆளப்படும் இனத்துப் பெண்ணைக் காதலிக்கலாம், அது காவியம். ஆளப்படும் இனத்து ஆண் ஆளும் இனத்துப் பெண்ணை ஏறிட்டு நோக்கினால் அது குற்றம். இவ்விதியே திரையின் எழுதாத சட்டம். இச்சட்டம் அமெரிக்கக் கறுப்பினத்தவனுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. ஹற்றன், நுவரெலியா மலைகளிற் கொழுந்தெடுக்கும் தாயின் மகனுக்கும் அதே சட்டந்தான் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். 1915 இல் வெளிவந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற மௌனப்படத்திற் கறுப்பன் ஒருவன் வெள்ளைப் பெண்ணைத் துரத்துகிறான். அவள் மலைமுகட்டிலிருந்து குதித்து உயிர் துறக்கிறாள். முகத்திற் கரி பூசிய வெள்ளை நடிகரே அக்கறுப்பனாக நடித்தார். அதாவது, அச்சுறுத்தும் கறுப்பனைக்கூட வெள்ளையரே படைத்து, வெள்ளையரே நடித்து, வெள்ளையரே கண்டு அஞ்சினர். அவ்வச்சத்தின் விலையைச் செலுத்தியவர்கள் மெய்யான மனிதர். 1955 இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெற் டில் என்ற 14 வயதுச் சிறுவன், வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் வரம்பு மீறினான் என்ற பெயரிற் கடத்திக் கொல்லப்பட்டான். திரை கற்பித்த பாடத்தைத் தெரு ஒப்பித்தது.

1967 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கலப்பு மணத் தடைச் சட்டங்களைச் செல்லுபடியற்றவை எனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வெள்ளைக் கப்பற்றலைவனும் கறுப்பினப் பெண் அதிகாரியும் முத்தமிட்ட காட்சி பெரும் புரட்சியெனப் போற்றப்பட்டது. அப்புரட்சியை உற்று நோக்குக. ஆண் வெள்ளையன், பெண் கறுப்பினத்தவள். போதாக்குறைக்கு அவர்கள் தம் விருப்பினால் முத்தமிடவில்லை. அயற்கோளத்தார் சிலரின் மனோசக்தி அவர்களை அவ்வாறு செய்விக்கிறது! திரை எவ்வழியாக முதலடி எடுத்துவைக்கத் துணிந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி நமது மலைகளுக்கு வருவோம். 1954 இல் வெளிவந்த ‘எலிஃபன்ட் வோக்’ என்ற ஹொலிவூட் படம் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டது. எலிசபெத் டெய்லர் துரையின் புதுமனைவியாக வந்து, அங்கு மேற்பார்வையாளராக உள்ள அமெரிக்கரின் காதலுக்கு ஆளாகிறார். இரு வெள்ளையருக்கும் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கும் இடையிலான மனப்போராட்டத்திற்கு நமது மலைகள் திரைச்சீலையாகத் தொங்குகின்றன. பங்களாவின் தலைமைப் பணியாளரான அப்புஹாமிக்கு ஒரு பெயராவது உண்டு. ஆயினும் அப்பாத்திரத்தை ஏற்றவர் ரங்கூனிற் பிறந்த ஆப்ரகாம் சோஃபேர் என்ற நடிகர். கொழுந்து பறிப்போருக்கோ நினைவிற் பதியும்படியான ஒரு பெயரில்லை, காதலில்லை, குடும்பமில்லை. கொள்ளைநோய் மட்டும் உண்டு. சாவதற்கு மாத்திரம் திரைக்குள் அழைக்கப்படும் கூட்டம் அது.

உண்மை வரலாறோ வேறு. துரைமாருக்கும் தோட்டப் பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன, அப்பிள்ளைகள் கைவிடப்பட்டனர். வட இந்தியத் தேயிலை மலைகளில் அத்தகைய பிள்ளைகளுக்கென ஜோன் கிரஹாம் என்ற பாதிரியார் 1900 இற் கலிம்பொங்கில் இல்லம் தொடங்கினார். நுவரெலியாவிலும் ஓவியர் டேவிட் பெயின்ரரின் குடும்பத்தார் அத்தகையோர்க்குப் புகலிடம் நடத்தினர். அவ்வில்லங்களின் சுவர்களுக்குள் நூறு நாடகங்களுக்கான கதைகள் கிடந்தன. ஹொலிவூட் அவற்றைக் காணவில்லை. துரை, தோட்டத்துப் பெண்ணிடம் சென்றதைக் காதல் என்று சொல்ல நா கூசியது. அதிகாரம் என்று சொல்ல மனம் கூசியது. எனவே யானைகளைக் காட்டி முடித்தனர்.

விதிவிலக்கு ஒன்றை எடுத்துரைப்பது நேர்மை. 1984 இற் பிரித்தானியத் தொலைக்காட்சியில் 14 பகுதிகளாக ஒளிபரப்பான ‘த ஜுவல் இன் த கிரவுன்’ இவ்விதியின் கொடுமையை மறைக்காது காட்டியது. இங்கிலாந்தில் வளர்ந்து, ஆங்கிலேயரினும் திருத்தமான ஆங்கிலம் பேசும் ஹரி குமார், டஃப்னி என்ற வெள்ளைப் பெண்ணைக் காதலிக்கிறான். யாரோ சிலர் அவளைச் சிதைக்க, பொலிஸ் அதிகாரி கைதுசெய்து வதைப்பது ஹரி குமாரை. அவனுடைய குற்றம் நிறமே. காதலின் தண்டனையை ஆளப்பட்டவனே ஏற்கிறான் என்பதை இந்நாடகம் உணர்த்தியது. ஆயினும் கதை நகர நகர ஹரி குமார் திரையினின்றும் மறைந்துபோக, ஆங்கிலேயரின் மனச்சாட்சியே கதாநாயகனாகிவிடுவதையும் நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

நமது நாட்டுத் திரையும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. நிஹால் டி சில்வா 2003 இல் எழுதிய ‘ஆனையிறவிலிருந்து வரும் பாதை’ என்ற ஆங்கில நாவல் பரிசும் பாராட்டும் பெற்றுப் பின்னர் சந்திரன் இரத்தினத்தின் நெறியாள்கையிற் படமுமாயிற்று. சிங்கள இராணுவ அதிகாரியும் தமிழ்ப் போராளிப் பெண்ணும் காட்டினூடாக நடந்து காதல் கொள்கின்றனர். நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட கதைதான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழ்ப் போராளி ஆணொருவனும் சிங்கள இராணுவப் பெண்ணொருத்தியும் காதலிக்கும் கதை அதே பாராட்டைப் பெற்றிருக்குமா? இன நல்லிணக்கம் என்பது ஏன் எப்போதும் தமிழ்ப் பெண்ணின் கரம்பற்றியே நடந்து வருகிறது? 1979 இல் ‘சருங்கலே’ படத்தில் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞரை மனிதனாக வாழ்ந்து காட்டினார் காமினி பொன்சேகா. அத்துணிவு திரையுலகிற் பெருவழக்காகவில்லை. அதே 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் வந்தபின், சிங்களத் தொலை நாடகங்களில் நாம் பெரும்பாலும் கண்ட மலையகத் தமிழன் யார்? கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிப்பூட்டும் வேலைக்காரன். தலைப்பாகையுடன் கைகட்டி நிற்கும் தோட்டக்காரன். அவனுக்கு வியர்வை உண்டு, பசி உண்டு, விசுவாசம் உண்டு. ஆசை மட்டும் இல்லை.

இவ்விடத்தில் ‘பிறர் நம்மைத் தாழ்த்துகின்றனர்’ என்று முறையிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆயின் நமது வீட்டுப் பெட்டியில் ஓடுவது யாருடைய நாடகம்? தகரக்கூரை மேற் செய்மதித் தட்டைப் பொருத்திய லயங்களில் மாலைதோறும் ஒளிர்வன சென்னைத் தொடர்களே. தொழிலாளப் பெண்ணொருத்தி நாள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் நின்று கறுத்துத் திரும்பி, வெண்ணிற மாமியாரும் வெண்ணிற மருமகளும் பளிங்கு மாளிகையிற் சண்டையிடுவதைப் பார்த்துக் கண்ணீர் வடிக்கிறாள். அவளைப் போன்ற முகமுடையோர் அத்தொடரில் உண்டு. அவர்கள் பாத்திரம் துலக்குகின்றனர்.

‘தமிழ்த்திரையிற் கறுப்பு நாயகர் இல்லையா? ரஜினிகாந்த், விஜயகாந்த் போன்றோரை மறந்தீரா?’ என்று நண்பர்கள் வினவுவர். மறக்கவில்லை. அவர்களுக்கு இணையாக நிறுத்தப்பட்ட நாயகியரின் நிறத்தையும் மறக்கவில்லை. கறுப்பு நாயகனுக்கு வெள்ளை நாயகி வெற்றிக்குரிய பரிசாக வழங்கப்படுகிறாள். கறுப்பு நாயகி எங்கே? கறுப்பு நாயகனின் நிறத்தை வைத்து நகைச்சுவை நடிகர் எத்தனை முறை சிரிப்பூட்டினார்? கறுப்பை ஏற்றுக்கொண்ட பண்பாடு இதனைச் செய்யாது.

ஆபிரிக்கரை நாம் எவ்வாறு காட்டினோம்? 2013 இல் வெளிவந்த ‘சிங்கம் 2’ படத்திற் போதைப்பொருட் கடத்தற் கும்பலின் தலைவன் கறுப்பினத்தவன். தமிழ்ப் பொலிஸ் அதிகாரி அவனை அடித்து வீழ்த்தும்போது அரங்கு ஆர்ப்பரித்தது. அவ்வார்ப்பரிப்பில் ஹற்றன் நகரத்து இளைஞரும் கலந்தனர். 2018 இல் மலையாளத்தில் வந்த ‘சுடானி ஃபிரம் நைஜீரியா’ ஆபிரிக்க உதைபந்தாட்ட வீரனை நோயும் ஏக்கமும் உடைய மனிதனாக, ஒரு தாயின் பரிவுக்குரியவனாகக் காட்டியது. அண்டை மொழி செய்த இக்காரியத்தை நம் மொழி ஏன் செய்யவில்லை? புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக நம் நாட்டு மக்களாய் வாழ்கின்றனர். நாமோ ‘காப்பிலி’ என்ற சொல்லை வசையாகவே பயில்கிறோம். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லாற் புண்பட்டவன், ‘காப்பிலி’ என்ற சொல்லை எறியத் தகுதி பெறுவது எங்ஙனம்?

தமிழகத்தில் இவ்விதி குருதி குடித்திருக்கிறது. தாழ்த்தப்பட்ட இளைஞன் மேற்சாதிப் பெண்ணை விரும்பினால் அது காதலன்று, ‘நாடகக் காதல்’ என்று சாதி அரசியல் நடத்துவோர் பெயரிட்டனர். 2012 நவம்பரிற் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி தீக்கிரையாயிற்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையிற் சங்கர் என்ற இளைஞர், விரும்பிய பெண்ணை மணந்தமைக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பின்னரும் 2020 இல் ‘திரௌபதி’ என்ற படம் அதே ‘நாடகக் காதல்’ பழியைத் திரையேற்றியது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018 இலேயே இதற்கு விடை தந்திருந்தது. அப்படத்து நாயகன் தன் நேசத்திற்குப் பெயரிடவும் அஞ்சும் நிலையில் நிறுத்தப்படுகிறான். காதலிக்கும் உரிமை என்பது மனிதனாக மதிக்கப்படும் உரிமையின் மறுபெயர் என்பதை அது உணர்த்திற்று. மிசிசிப்பிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கலாம்; கத்தியை ஏவிய கற்பனை ஒன்றே.

புலம்பெயர்ந்தோர் திரையில் நிலைமை மாறிவிட்டதெனக் கூறுவோர் உளர். ஓரளவு உண்மையே. 2020 முதல் 2023 வரை வெளிவந்த ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரில் ஈழத்தமிழ் வழிவந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் அமெரிக்கத் தமிழ் மாணவியாக நடித்தார். அதன் இரண்டாம் பருவத்தில், விதவைத் தாய் நளினிக்கும் கறுப்பின மருத்துவர் ஒருவருக்கும் இடையே நேசம் அரும்புகிறது. அம்மருத்துவர் பண்பும் தகுதியும் உடையவர், கள்ளக்கடத்தல்காரரல்லர். தமிழ்த் தாயொருத்தியைக் கறுப்பின ஆணொருவர் கண்ணியமாக விரும்பும் காட்சியைச் சென்னைத் தொடர் எதிலும் நாம் கண்டதில்லை. ஆயினும் அவ்வுறவு தளிர்விடுமுன்னரே முடித்துவைக்கப்படுகிறது. 2020 இல் ‘பிரிட்ஜர்டன்’ கறுப்பினத்தவர் ஒருவரைக் காதல் நாயகனாகிய கோமகனாக்கியது. 2022 இல் தமிழ் வழிவந்த சிமோன் ஆஷ்லி அதன் நாயகியானார். மகிழ்ச்சியே. எனினும் அவர்கள் கோமகனும் சீமாட்டியும் ஆன பின்னரே காதலிக்க அனுமதிக்கப்பட்டனர். அம்மாளிகையின் தேநீர்க் கோப்பைக்குச் சீனி அனுப்பிய அடிமைக்கு அங்கே இடமில்லை. நிறத்தடை சிறிது தளர்ந்தது. வர்க்கத்தடை அப்படியே நிற்கிறது.

‘நாடகம் பொழுதுபோக்குத்தானே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு?’ என்பது இறுதி வாதம். அதற்கு என் வாழ்விலிருந்தே விடை கூறுவேன். நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் முதலாண்டிற் பயின்றபோது கலை நிகழ்ச்சியொன்றில் நண்பர்கள் மேடையேற்றிய குறுநாடகத்திற் தோட்டத்துத் தந்தை ஒருவர் வந்தார். முழங்காலுக்கு மேற் கட்டிய சாரம், தள்ளாடும் நடை, பொருளற்ற பேச்சு. அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன். என் தந்தை கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையால் எனக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அன்றிரவு விடுதி நண்பரொருவர் ஊரைக் கேட்டபோது ‘நுவரெலியா’ என்று நகரத்தின் பெயரைச் சொன்னேனேயன்றித் தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. பின்னர் ஒரு பெண்ணிடம் கொண்ட நேசத்தை அவளிடம் கூறாமலே அடக்கிக்கொண்டதும் அவ்வரங்கின் சிரிப்பொலி செவியில் நின்றமையாலேதான். எவரும் என்னைத் தடுக்கவில்லை. தடை என்னுள்ளேயே குடியேற்றப்பட்டிருந்தது. பொழுதுபோக்கு செய்யும் வேலை இதுவே.

நம்மிடம் மாற்றுக் கலை இல்லாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும், என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ம் மலையக மனிதரை ஆசையும் கோபமும் மானமும் உடையோராகக் காட்டின. 1975 இல் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ மலையக வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. 2023 இல் நம் மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்நடையின் ஒவ்வொரு மைல்கல்லிலும் ஒரு கதை கிடந்தது. எழுதியவர் எத்தனை பேர்?

ஆகவே தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். நாம் எழுதும் நாடகத்தையும் பார்க்கும் நாடகத்தையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்ப்போம். உழைப்பவனுக்கு அதிற் பெயர் உண்டா? அவன் விரும்பவும் விரும்பப்படவும் இடம் உண்டா? அவனைக் கண்டு அரங்கு சிரித்தால் அச்சிரிப்பு எவரைக் காயப்படுத்துகிறது? இவ்வினாக்களுக்கு விடை தராத பிரதியை நம் மேடையில் ஏற்றலாகாது. விரிவுரையாளர்களும் திரையைப் பாடத்திற்குப் புறம்பானதெனத் தள்ளாது, மாணவரின் ஆய்வுக்குரிய பொருளாக அதனை ஏற்றல் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் தாயின் கறுத்த மகன், எவளையும் மீட்காமல், எவளுக்கும் தொண்டு செய்யாமல், எவளாலும் மன்னிக்கப்படாமல், வெறுமனே நேசித்து நேசிக்கப்படும் ஒரு நாடகத்தை அடுத்த ஆண்டு இச்சங்கத்தின் மேடையிற் காண விரும்புகிறேன். அதனை எழுதப் பிறர் வரமாட்டார்கள்.