கயிற்றில் ஒட்டிய மணல்... 100 வருஷம் தாண்டியும் தீராத கேள்வி!

நாகர்கோவில்:-

கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸ் லைட் ஞாபகம் இருக்கா? அதுக்குள்ளே வெள்ளையாக எரியும் மேண்டிலுக்கும் மணவாளக்குறிச்சி கடற்கரைக்கும் பழைய சம்பந்தம் உண்டு.

குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம் அது. இங்கிருந்து வெளிநாடு போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை, 1909-ல் ஜெர்மனி நிபுணர் ஷோம்பெர்க் சோதித்துப் பார்த்தார். உள்ளே மோனசைட்! மேண்டில் செய்யத் தேவையான தோரியம் அதில்தான் இருக்கிறது. உடனே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது.

முதல் உலகப்போர் வந்ததும் ஷோம்பெர்க் கைதானார். ஆலை லண்டன் கம்பெனி கைக்குப் போனது.

அணுசக்திக்கும் தோரியம் உதவும் என்று தெரிந்ததும் மணலுக்கு மவுசு எகிறியது. 1950-ல் ஐ.ஆர்.இ. நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960-களில் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்தது. இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் இங்கே பிரித்தெடுக்கப்படுகிறது. பெயிண்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பதே இல்மனைட்டில் இருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான்.

வேலையா? பயமா?

ஆலையால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. இதை யாரும் மறுக்க முடியாது. தாதுவை எடுத்தபின் மீதி மணலைப் பள்ளத்திலேயே நிரப்பி விடுவதாகவும், கதிர்வீச்சு அளவுக்குள்தான் இருப்பதாகவும் நிறுவனம் சொல்கிறது. கடலரிப்பு கூடும், புற்றுநோய் வரும் என்பது கடற்கரை மக்களின் பயம்.

இந்த நிலையில்தான் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தது. ஏக்கர் கணக்கில் சுமார் 2,800. தக்கலையில் 2024 அக்டோபர் 1-ந்தேதி நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், கடும் எதிர்ப்பால் தள்ளி வைக்கப்பட்டது.

கூட்டமே வேண்டாமாம்!

அடுத்த அதிரடி 2025 செப்டம்பரில். அணு கனிமம், முக்கிய கனிமச் சுரங்கங்களுக்கு கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. இதை வாபஸ் வாங்கச் சொல்லி அப்போதைய தமிழக முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நாட்டுக்குக் கனிமம் வேணும்தான். ஆனா, வீட்டு வாசல் மண்ணைத் தோண்டும்போது வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 1909-ல் கயிறு திரித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்போ மன்னராட்சி. இப்போ மக்களாட்சி ஆச்சே!