ட்ரம்ப் கம்பனி வழக்கு: தண்டம் சிறியது, பாடம் பெரியது

உயர்தர வகுப்பில் கணக்கீடு படிப்பிக்கும்போது, கம்பனி என்பது சட்டத்தின் பார்வையில் தனியான ஓர் ஆள் என்று சொல்வேன். அண்மையில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியென்றால் கம்பனி களவு செய்தால் அதை மறியலில் போடலாமா சேர்?"

போட முடியாது. அதற்கு உதாரணமாக நியூயோர்க் வழக்கொன்றைச் சொன்னேன். டொனால்ட் ட்ரம்பின் வர்த்தக நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு கம்பனிகள் வரி மோசடியில் குற்றவாளிகள் என 2022 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மோசடி எளிமையானது. பிரதான நிதி அதிகாரி அலன் வைசல்பேர்க்கிற்கு வீட்டு வாடகை, பென்ஸ் கார், பேரப்பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் எனச் சுமார் 17 இலட்சம் டொலர் பெறுமதியான சலுகைகள் கிடைத்தன. வரி அதிகாரிகளுக்குக் காட்டிய சம்பளத்தில் அவை இல்லை. கம்பனியின் உட்கணக்கில் மட்டும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தன.

கம்பனிகளுக்குத் தண்டம் 16 இலட்சம் டொலர். சட்டம் அனுமதித்த உச்சத்தொகையே அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்ட நிதி அதிகாரிக்கு ஐந்து மாதச் சிறை. பாடசாலைக் கட்டணக் காசோலைகள் சிலவற்றில் ட்ரம்பின் கையொப்பம் இருந்தது. எனினும் இந்த வழக்கில் அவர் மீது குற்றம் சுமத்தப்படவில்லை.

"பெரிய மீன் தப்பிவிட்டது" என்பார் சிலர். "அரசியல் பழிவாங்கல்" என்பது ட்ரம்ப் தரப்பு வாதம். வழக்குத் தொடுத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர் என்பது உண்மையே. ஆனால் முக்கிய சான்று அந்தக் கம்பனியின் சொந்தக் கணக்கு. தீர்ப்புச் சொன்னவர்கள் சாதாரண பிரஜைகள்.

என்னைக் கவர்ந்தது வேறு விடயம். விசாரணை நடந்தபோது ட்ரம்ப் ஜனாதிபதியாக இருந்தார். தன் கணக்காய்வு நிறுவனம் ஆவணங்களை ஒப்படைப்பதைத் தடுக்க உயர் நீதிமன்றம் வரை சென்றார். 2020 ஜூலையில் அவரது வாதம் நிராகரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் ஆவணங்கள் கைமாறின. வழக்குத் தொடுநர் மன்ஹாட்டன் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர். ஜனாதிபதியால் அவரை நீக்க முடியாது. மாநிலச் சட்டத்தின் கீழான குற்றத்துக்கு ஜனாதிபதி மன்னிப்பும் செல்லாது.

ஒரு பெரிய புள்ளியின் நிதிமோசடி செய்தியாகும்போது, யாரைக் கைது செய்தார்கள் என்றே நாம் முதலில் கேட்கிறோம். அதற்கு முன் இரண்டு கேள்விகள் உண்டு: கணக்கேடு யார் கையில் இருக்கிறது? வழக்குத் தொடுப்பவரை இடமாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இவற்றுக்கு நல்ல பதில் இல்லாவிட்டால், கைதுப் படம் மட்டுமே மிஞ்சும்.