ஐ.நா. சாசனமும் கல்வராயன் மலையும்: எவருடைய அமைதி?

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945 ஜூன் 26 அன்று, சான்பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகளின் பேராளர்கள் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இனி ஒரு போர் உலகைச் சூழாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 24 ஐ.நா. நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த அமைதி எவருக்கானது என்ற கேள்வியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து எழுப்ப விரும்புகிறோம்.

அன்று இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. ஆயினும் சாசனத்தில் கையொப்பமிட்ட நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. பிரித்தானிய ஆட்சி அனுப்பிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆர்க்காடு இராமசாமி முதலியார். 1946-இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக அவையின் முதல் தலைவரும் அவரே. பார்ப்பனரல்லாதார் இயக்கத்தில் வளர்ந்த ஒருவர் உலக அரங்கில் அமர்ந்தது சிறிய செய்தியன்று. ஆனால் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய இரட்டைமலை சீனிவாசன் மறைந்ததும் அதே 1945-இல்தான். 1930-இல் இலண்டனில் தீண்டப்படாதோருக்குத் தனிக் குரல் இருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் அது இல்லை.

இரு முகம் கொண்ட சாசனம்

சாசனத்தின் முதல் பிரிவு இனம், பால், மொழி, சமயம் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் மனித உரிமைகள் உண்டு என்கிறது. சாதி என்னும் சொல் அதில் இல்லை. இரண்டாம் பிரிவின் ஏழாம் உட்பிரிவோ, ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகார வரம்புக்குட்பட்டவற்றில் ஐ.நா. தலையிடலாகாது என்கிறது. மக்களின் பெயரால் தொடங்கும் சாசனம் முடிவில் அரசுகளின் கையிலேயே தங்கிவிடுகிறது.

இம்முரண் விரைவிலேயே வெளிப்பட்டது. சாசன முகவுரையை வரைவதில் முக்கியப் பங்காற்றிய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், தம் நாட்டில் இந்தியர்மீது இனப்பாகுபாடு காட்டினார். 1946-இல் இந்தியா அதை ஐ.நா.வுக்குக் கொண்டு சென்றது. தென்னாப்பிரிக்கா உள்நாட்டு விவகாரம் என்ற கேடயத்தை ஏந்தியது. பொதுச்சபை அக்கேடயத்தை ஏற்கவில்லை. மூன்றில் இரு பங்கு வாக்குகளுடன் இந்தியாவின் தீர்மானம் நிறைவேறியது. அநீதி எல்லைக்குள் நிகழ்ந்தாலும் உலகம் கேள்வி கேட்கலாம் என்பதை அன்று நிலைநாட்டியது இந்தியாவே.

அளிக்கப்படாத அறிக்கை

அதே 1946-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு அளித்ததை அறிந்த அம்பேத்கர், அதன் படிகளைக் கேட்டு அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதினார். தீண்டப்படாதோரும் அவ்வழியில் செல்ல எண்ணுவதாக அதில் தெரிவித்தார். டுபாய்ஸ் பரிவுடன் மறுமொழி அனுப்பினார்.

பட்டியல் சாதியினரின் நிலை குறித்து ஐ.நா.வுக்கென ஓர் அறிக்கையை அம்பேத்கர் ஆயத்தம் செய்தார், ஆனால் அளிக்கவில்லை. அரசியல் நிர்ணய சபைக்கும் வரவிருக்கும் நாடாளுமன்றத்திற்கும் ஒரு வாய்ப்பளிக்க எண்ணிக் காத்திருந்ததாக 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியைத் துறந்தபோது விளக்கினார். பட்டியல் சாதியினரின் நிலையோ முன்பு போலவே உள்ளது என்றும் அவ்வறிக்கையிலேயே வருந்தினார். உள்நாட்டு நீதியின்மீது அவர் வைத்த நம்பிக்கைக்கு நாடு எவ்வாறு ஈடு செய்தது என்பதே நம் கேள்வி.

மலையும் அடிவாரமும்

மனித உரிமைப் பேரறிக்கை 1948 டிசம்பர் 10 அன்று வெளியானது. அடிமை முறையை அது தடை செய்தது. கட்டாய உழைப்புக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 1954-இல் ஏற்றது. ஆனால் கல்வராயன் மலையில் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகை 1976 வரை நீடித்தது. மலையாளிப் பழங்குடியினர் வரி செலுத்தினர்; ஜாகிர்தார் நிலங்களில் கூலியின்றி உழைத்தனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். உலகப் பேரறிக்கைக்கும் அம்மலையின் விடுதலைக்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளை அம்மக்கள் அமைதி என்று எப்படி அழைப்பர்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் மருத்துவமும் கல்வியும் அப்போதுதான் பேசுபொருளாயின. அடிவாரத்தில் பிணங்கள் விழுந்த பிறகே அரசின் பார்வை மலையின்மீது விழுந்தது.

கேடயம் கைமாறியது

இனப்பாகுபாடு அனைத்தையும் ஒழிக்கும் 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்னும் சொல் இடம்பெற்றதற்கு இந்தியாவின் முன்மொழிவே காரணம். அச்சொல்லில் சாதியும் அடங்கும் என அதன் கண்காணிப்புக் குழு 1996-இல் கூறியது. 2002-இல் பொதுப் பரிந்துரையாகவும் உறுதி செய்தது. இந்திய அரசோ அதை ஏற்கவில்லை. 2001-இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியைப் பேசுபொருளாக்க முனைந்தபோது, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்தியா வாதிட்டது. 1946-இல் ஸ்மட்சின் கையிலிருந்த கேடயம், தென்னாப்பிரிக்க மண்ணிலேயே இந்தியாவின் கைக்கு வந்தது.

ஐ.நா. நம்மை மீட்கும் என்று நாம் கருதவில்லை. ஐந்து வல்லரசுகளின் தடுப்பதிகாரத்தால் அது முடங்குவதைக் கண்டுவருகிறோம். மேற்சொன்ன உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவை இந்தியா ஏற்காததால், இந்நாட்டின் தனிமனிதர் எவரும் அக்குழுவிடம் நேரடியாக முறையிடவும் இயலாது. எனினும் குழுக்களின் ஆய்வுகளுக்கும் மனித உரிமை மன்றத்தின் காலமுறை மீளாய்வுக்கும் மக்கள் அமைப்புகள் அறிக்கை அளிக்க இயலும். அந்த வாசல் குறுகியதே, ஆனால் மூடப்படவில்லை.

அவ்வாசலுக்குச் சான்றுகள் வேண்டும். எந்த மலைக்கிராமத்திற்குச் சாலை இல்லை, எவர் நிலத்திற்குப் பட்டா மறுக்கப்பட்டது, எந்த வன்கொடுமைப் புகார் பதியப்படவில்லை என்பதை நாள், இடம், ஆவணம் ஆகியவற்றுடன் கல்லூரி மாணவர்களும் களப்பணியாளர்களும் தொகுக்க வேண்டும். அதே ஆவணம் உயர் நீதிமன்றத்திற்கும் பயன்படும், ஆணையங்களுக்கும் பயன்படும், ஜெனீவாவுக்கும் பயன்படும். அம்பேத்கர் நாடாளுமன்றத்திற்கு ஒரு வாய்ப்பளித்தார். அவ்வாய்ப்பின் கணக்கை எழுதி உரிய இடங்களில் ஒப்படைப்பது இன்று நம்முடைய பணி.