எலுமிச்சம்பழமா, பரீட்சையா?

ராசிங்காபுரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் நமது சகோதரிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறுகின்றன. புது வண்டி வாங்கினவுடன் நம்மவர் செய்யும் முதற் காரியம் என்ன? சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும், பூசணிக்காய் உடைப்பதும், புரோகிதருக்குத் தட்சணை அழுவதுமேயாகும். பாரம் ஏற்றினால் பிரேக் பிடிக்குமா என்று பார்ப்பது கடைசிக் காரியம்.

இதைப் பட்டிக்காட்டு மூடத்தனம் என்று படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். 2019 அக்டோபர் 8-ல் பிரான்சு தேசத்தில் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் அவர்களும் எலுமிச்சம்பழந்தான் வைத்தார்! அந்த விமானம் பறப்பது பழத்தின் மகிமையாலா என்று கேட்கிறோம்.

விமானத்தைப் பரீட்சிப்பவர்கள் செய்வதைக் கேளுங்கள். ஒரே வேகத்தில் சமமாகப் பறக்கவிட்டு, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பிடியை எவ்வளவு பலத்தோடு தள்ளவோ இழுக்கவோ வேண்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு வேண்டுமென்றே மூக்கைச் சற்று அசைத்துவிட்டுக் கைப்பிடியை விடுகிறார்கள். ஆட்டம் தானே அடங்குகிறதா, வளர்கிறதா, எத்தனை விநாடியில் என்று குறிக்கிறார்கள். பாரத்தை முன்னும் பின்னும் மாற்றி வைத்து மறுபடியும் பார்க்கிறார்கள்.

ஓட்டுகிறவர் "நன்றாயிருக்கிறது" என்று சொன்னால் போதாது. கூப்பர், ஹார்ப்பர் என்னும் இருவர் 1969-ல் வகுத்த அளவுகோலின்படி, கொடுத்த வேலை முடிந்ததா, அதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்று பார்த்து 1 முதல் 10 வரை எண் போடவேண்டும். 1 உத்தமம், 10 என்றால் அடக்கவே முடியாதது. குறையைச் சொல்வது அங்கே பாவமல்ல, அதுவே உத்தியோகம்.

நமது தேஜஸ் விமானம் சுறுசுறுப்பாகத் திரும்புவதற்காக நிலையற்றதாகவே அமைக்கப்பட்டது. நொடிதோறும் அதைத் திருத்திப் பிடிப்பது கம்ப்யூட்டர். ஆகையால் தரையிலேயே பலகாலம் சோதித்த பிறகே, 2001 ஜனவரி 4-ல் பெங்களூரில் ராஜீவ் கோத்தியால் அதை முதன்முதல் ஓட்டினார். 1961 ஜூன் 17-ல் மாருத் விமானத்தை முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10-ல் அவ்வகை விமானமொன்றைப் பரீட்சிக்கையில் மாண்டார். பிறர் சாகாதிருக்கத் தாம் உயிரைப் பணயம் வைத்த இவர்களை விட்டு, பழத்துக்கா பெருமை கொடுப்பது?

புஷ்பக விமானத்தை ஆட்டிப் பார்த்தவர் யார்? எண் போட்டவர் யார்? ஒருவருமில்லை. கேட்டால் நாஸ்திகம் என்பார்கள்.

தோழர்களே! ஜீப்பை முதலில் காலியாகவும், பிறகு மூட்டைகளை ஏற்றியும் சரிவில் நிறுத்திப் பாருங்கள். பிரேக்கைப் பார்க்காத வண்டியில், அளவுக்கு மேல் ஆள் திணித்த வண்டியில், ஏற மாட்டோமென்று சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கு வையுங்கள்.