தள்ளுபடி வோட்டு

இங்கிலாந்தை ஜனநாயகத்தின் தாய்வீடு என்கிறார்கள். அந்தத் தாய்வீட்டுக் கணக்குத்தான் எனக்கு விளங்கவில்லை. 2025 மே மாதம் கெண்ட் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்தல் நடந்தது. மொத்த ஸ்தானங்கள் 81. ரிஃபார்ம் கட்சி பிடித்தவை 57. அதற்கு விழுந்த வோட்டோ பாதிகூட இல்லை!

கட்சியை நான் குறை சொல்லவில்லை, விதிப்படிதான் ஜெயித்தது. விதிதான் கோணல். ஐந்து அபேட்சகர்கள் நின்றால், மற்றவர்களைவிட ஒரு வோட்டு கூடுதலாகப் பெற்றவருக்கே ஸ்தானம். மீதியெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. வடக்கே ஸ்காட்லாந்தில், 2007 முதல் ஸ்தல சபைத் தேர்தல்களில் வோட்டர்கள் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்துகிறார்கள். முதல் விருப்பம் தோற்றால் வோட்டு அடுத்தவருக்குப் போகிறது.

ரோட்டுக் குழியும் முதியோர் பராமரிப்பும் கவுண்டியின் பொறுப்பு. தோற்றவருக்கு வோட்டுப் போட்டவரும் அதற்கு வரி கட்டுகிறார். வரியைத் தள்ளுபடி செய்யாதவர்கள் வோட்டை மட்டும் ஏன் தள்ளுபடி செய்கிறார்கள்?