கழல மறுக்கும் சக்கரம்

1904இல் வேல்ஸின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் பிறந்தது ஓர் உபரிச் சக்கரம். தெருவின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கட்ச் முதல் கன்னியாகுமரி வரை லாரிக்காரர்களுக்கோ அது இன்றும் ஸ்டெப்னிதான்.

பழைய ஸ்டெப்னியில் ஒரு வசதி உண்டு. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதை மாட்டிவிடலாம். இன்றைய லாரியில் பழைய சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். 10 நட்டுகளும் கழன்ற பிறகும் சக்கரம் அசையாவிட்டால், ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கதைதான்.

காரணம், துரு. இன்றைய கனரக லாரிகள் பலவற்றில் சக்கரத்தின் நடுத்துளை, ஹப்பின் வளையத்தில் மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. அந்த இடுக்கில் மழைநீர் புகுந்தால் இரும்பு துருவாகும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் தரும் குஜராத்தில் உப்பு ஏற்றும் லாரிகளுக்கும், உப்புநீர் சொட்டச் சொட்ட ஓடும் மீன் லாரிகளுக்கும் இந்தத் தொல்லை அதிகம். இரும்பு ஹப்பில் அலுமினியச் சக்கரம் என்றால் இன்னும் மோசம். இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரியாகி, அலுமினியத்தை அரிக்கின்றன.

பிறகு நடப்பது நெடுஞ்சாலை ஓரத்து இரவுக் காட்சி. சம்மட்டி அடி. ஜாக்கி மேல் நிற்கும் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு காலால் உதை. சிலர் நட்டுகளைத் தளர்த்திவிட்டு லாரியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார்கள். சிலர் கேஸ் வெல்டிங் ஜுவாலையைக் காட்டுவார்கள். சூடேறிய டயர் குண்டுபோல் வெடிக்கலாம். கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டும் டிரைவர் என்றால், ஜாக்கி நழுவினால் கை கொடுக்கக்கூட ஆளில்லை.

தடுக்கும் வழியில் செலவு அதிகமில்லை. சக்கரம் கழலும்போதெல்லாம் ஹப் வளையத்தையும் நடுத்துளையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை நீக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் துருத்தடுப்புப் பசையை வளையத்தில் மட்டும் மெல்லப் பூச வேண்டும். அவ்வளவுதான்.

இந்த 'மட்டும்' முக்கியம். சக்கரமும் ஹப்பும் முகத்தோடு முகம் அழுந்தும் பரப்பில் பசை படக்கூடாது. அடுக்கடுக்காகப் பெயின்ட் அடிப்பதும் கூடாது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டின் இறுக்கமும் அந்தப் பரப்புகளின் உராய்வும்தான். அங்கே வழுக்கினாலோ, பெயின்ட் நசுங்கி இறுக்கம் குறைந்தாலோ நட்டு தளரும், போல்ட் முறியும், சக்கரம் லாரியை விட்டுத் தனியே ஓடும். எதிரில் வருபவர் கதி? நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்குவதும், 80 முதல் 160 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபார்ப்பதும் இதற்காகத்தான்.

இத்தனையும் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். பட்டறைப் பையனுக்கு வந்து சேர்வது வாய்மொழியாக இரண்டே சொற்கள்: "கிரீஸ் போடு." எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பது வழியில் உதிர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு என்றதும் நமக்கு நாவலும் கவிதையும்தான் நினைவுக்கு வருகின்றன. வளையம் எது, முகம் எது என்று படம் போட்டு விளக்கும் ஒரு பக்கத் தமிழ், ஒரு பக்க இந்தி, ஒரு பக்க குஜராத்தி ஒவ்வொரு லாரியோடும் தரப்படுமானால், அச்சுச் செலவு ஒரு டயரின் விலையில் தூசு. காப்பாற்றப்படுவது டிரைவரின் உயிராக இருக்கலாம்.